ஆலோசனைக் குழுவா, கையெழுத்துக் குழுவா?

முனைவர் பட்ட ஆய்வு என்றதும் இருவரே நம் நினைவுக்கு வருவர். ஒருவர் ஆய்வு மாணவர்; மற்றவர் நெறியாளர். இவ்விருவருக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு குழு உண்டு என்பதைப் பட்டம் பெற்றவர்களே மறந்துவிடுகிறோம். ஏட்டில் அதற்கு ஆய்வு ஆலோசனைக் குழு என்று பெயர். எங்கள் வழக்கில் ‘டி.சி.’

இக்குழு எதற்கு? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் தெளிவாகவே கூறுகின்றன. ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்வதும், ஆய்வு முறையை வகுக்க வழிகாட்டுவதும், முன்னேற்றத்தை அவ்வப்போது மதிப்பிட்டு உதவுவதும் அதன் கடமைகள். பருவந்தோறும் மாணவர் குழுவின் முன் தம் பணியை விளக்க வேண்டும். முன்னேற்றம் போதாதெனில், குழு காரணத்தை எழுதித் திருத்தும் வழியையும் சொல்ல வேண்டும். எழுத்தில் குறையில்லை. நடைமுறையில்?

என் கதையையே சொல்கிறேன். இவ்விதிகளுக்கு முன்பும் இத்தகைய குழுக்கள் இருந்தன. எனக்கும் ஒன்று இருந்தது. விலங்கியலில் பகுதி நேர ஆய்வாளனாகப் பதிவு செய்திருந்தேன். பூச்சிக்கொல்லி மருந்து நன்னீர் மீனை எவ்வாறு பாதிக்கிறது என்பது பொருள். அம்மருந்து நீரில் எளிதில் கரையாது. ஆகவே அசிட்டோனில் கரைத்துத் தொட்டியில் விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் வைத்தேன். ஐந்து கூட்டங்கள் இனிதே நடந்தேறின. பத்து நிமிடப் பேச்சு, தேநீர், மெதுவடை, கையெழுத்து. ஐந்து அறிக்கையிலும் “நன்று, தொடர்க” என்ற இரண்டே சொற்கள்! ஆறாவது கூட்டத்திற்கு, ஓய்வு பெற்ற உறுப்பினருக்குப் பதிலாக வேதியியல் பேராசிரியர் ஒருவர் வந்தார். வடையை ஒதுக்கி வைத்துவிட்டு என் அட்டவணையை எடுத்தார்.

“அசிட்டோன் மட்டும் விட்ட தொட்டி எங்கே தம்பி?”

அப்படியொரு தொட்டி இல்லை. மீனின் ஈரலில் நான் கண்ட மாற்றம் மருந்தால் வந்ததா, அசிட்டோனால் வந்ததா? சொல்ல முடியவில்லை. இரண்டரை ஆண்டு வேலையை மீண்டும் தொடங்கினேன். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமன்று. முதல் கூட்டத்திலேயே யாரேனும் கேட்டிருந்தால் ஒரு தொட்டிச் செலவோடு போயிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை? அறியாமை அன்று. குழுவை நடத்துபவர் நெறியாளரே. உறுப்பினர்கள் பெரும்பாலும் அவருக்கு வேண்டியவர்கள். இன்று நான் உம் மாணவரைக் குடைந்தால், நாளை நீர் என் மாணவரைக் குடைவீர் அல்லவா? இந்த மரியாதைக்கு விலை கொடுப்பவர் மாணவர்.

“எல்லாரும் கேள்வி கேட்டால் நெறியாளருக்கு என்ன மதிப்பு?” என்று நண்பர் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். நெறியாளர் குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் பார்ப்பவர் கண்ணுக்குப் பழகிப்போன குறை புதியவர் கண்ணில் உடனே படும், அவ்வளவே. அதனால்தான் வேறு துறையைச் சேர்ந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பர். கூட்டத்தில் சிறிது நேரம் நெறியாளர் வெளியே செல்ல, மாணவர் உறுப்பினர்களோடு தனியே பேச வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இவ்வழக்கம் உண்டு. சில நேரம் மாணவரின் இடர்ப்பாடே நெறியாளராக இருக்கலாம். உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திடுபவர் எதிரில் அமர்ந்திருக்க, “எல்லாம் நன்றாகப் போகிறது” என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்?

இவ்வளவு பேசும் நான் இன்று இரு குழுக்களில் உறுப்பினன். சென்ற பருவம் பேருந்து தாமதமாகி, கூட்டம் முடியும் தறுவாயில் போய்ச் சேர்ந்தேன். ஒன்றும் கேட்காமல் “நன்று, தொடர்க” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். திரும்பும் வழியில் மனம் உறுத்தவே, இரவு அறிக்கையை எடுத்துப் படித்தேன். சராசரிகள் இருந்தன, எத்தனை மீன்களின் சராசரி என்பது எங்கும் இல்லை. மறுநாள் அம்மாணவியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை.

“மூணுதான் சார்” என்றார்.