துறைமுகச் சேற்றுக்கு ஏன் ஒரு மாத சிறை?

துறைமுகத்தில் தூர்வாரிய மண்ணைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தலாமா? அதற்கு முன் அதன் இயற்கைக் கதிரியக்கத்தை அளந்துவிடுவது நல்லது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை எல்லா மண்ணிலும் கொஞ்சம் உண்டு. மணவாளக்குறிச்சி போல மோனசைட் கலந்த கடற்கரை மணலில் தோரியம் அதிகம்.

சேற்றை உலர்த்திச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஏறக்குறைய ஒரு மாதம் மூடிவைப்பார்கள். ஏன்? ரேடியம் சிதையும்போது பிறக்கும் ரேடான், ஒரு வாயு. அதன் வாரிசுகள் வெளியிடும் காமா கதிர்களை எண்ணித்தான் ரேடியத்தின் அளவைக் கணிக்கிறார்கள். ரேடான் கசிந்துவிட்டால் கணக்கு குறைவாக வரும். ஆபத்தான மண்கூட 'பாஸ்' ஆகிவிடும்! ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள்கள் என்பதால், ஒரு மாதத்தில் சமநிலை வந்துவிடும்.

மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் 'ரேடியம் சமான அளவு' கிலோவுக்கு 370 பெக்கரலைத் தாண்டக் கூடாது. கட்டுமானப் பொருள்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு இதுதான்.