மேடைக்கு எவ்வளவு? மஹருக்கு எவ்வளவு?

நம் சமுதாயத் திருமணங்களில் அண்மைக் காலமாக ஒரு புதுச் சொல் புகுந்து, வந்த வேகத்திலேயே வீட்டுப் பெரியவரின் இருக்கையில் அமர்ந்துவிட்டது. ‘தீம்’ என்பது அச்சொல். நாள் குறிக்கு முன்னரே ‘தீம்’ குறிக்கப்படுகிறது. மாப்பிள்ளையின் ஒழுக்கம் எத்தகையது, மணமகளின் சம்மதம் மனப்பூர்வமானதா, மஹர் என்ன என்னும் கேள்விகள் பின்வரிசைக்குப் போய்விட்டன. மொகலாய தர்பாரா, அரபு நாட்டுக் கூடாரமா, வெள்ளைக் கவுனுடன் மேலைநாட்டுத் தோட்டமா என்ற ஆராய்ச்சி முன்வரிசைக்கு வந்துவிட்டது.

‘தீம்’ என்றால் என்னவென்று அறியாத பெரியவர்களுக்காகச் சொல்கிறோம். ஏதேனும் ஒரு கற்பனைக் காட்சியைத் தேர்ந்துகொள்வது. பிறகு அழைப்பிதழ் முதல் மேடை வரை, மணமக்களின் உடை முதல் சாப்பாட்டு மேசையின் விரிப்பு வரை அனைத்தையும் அக்காட்சிக்கு இசைய அமைப்பது. விருந்தினரும் இன்ன நிறத்தில்தான் உடுத்தி வரவேண்டும் என்று அழைப்பிதழிலேயே கட்டளை பிறக்கிறது. இவற்றையெல்லாம் செய்து தருவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. அவர்கள் கைப்பேசியில் படங்களைக் காட்டுகிறார்கள். வீட்டார் விரலை வைக்கிறார்கள். விலை பேசி முடிக்கப்படுகிறது. பலகையும் துணியும் தெர்மாக்கோலும் சேர்ந்து ஒரு பகலில் கோட்டையாக எழுகின்றன. அன்றிரவே அக்கோட்டை பிரிக்கப்பட்டு, பாதி லாரிக்கும் மீதி குப்பைக்கும் போய்ச் சேர்கிறது.

மகிழ்ச்சிக்கு நாம் பகைவரல்லர். இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். அன்சாரித் தோழர் ஒருவருக்கு மணமுடித்து வைக்கப்பட்ட பெண்ணை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அனுப்பி வைத்தபோது, அங்கே மகிழ்வூட்டும் நிகழ்ச்சி ஏதும் இல்லையா, அன்சாரிகளுக்கு அது பிடிக்குமே என்று கேட்டவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் ஆடையில் மணமகனுக்குரிய நறுமணப் பொருளின் மஞ்சள் கறையைக் கண்டு, விசாரித்து, வாழ்த்தி, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்குமாறு சொன்னவர்களும் அவர்களே. ஆகவே மணவீடு மணக்கட்டும், பாட்டு ஒலிக்கட்டும், பந்தி நிறையட்டும். நம் கேள்வி மகிழ்ச்சியைப் பற்றியதன்று. யாருடைய மகிழ்ச்சி, யாருடைய செலவில் என்பதைப் பற்றியது.

முதலில் இந்தக் காட்சிகளையே சற்று உற்று நோக்குவோம்.

தாஜ்மஹாலை மேடையின் பின்னணியாக நிறுத்தி அதன்முன் மணமக்களை அமர்த்துகிறார்கள். தாஜ்மஹால் என்பது யாது? அது ஒரு கல்லறை. தம் 14ஆம் பிள்ளையைப் பெற்றெடுக்கையில் 1631ஆம் ஆண்டு புர்ஹான்பூரில் உயிர்நீத்த மும்தாஜ் மஹல் என்னும் அரசியின் அடக்கத்தலம். இன்று இல்லறம் புகும் ஒரு பெண்ணை, பிரசவத்தில் மாண்ட ஒரு பெண்ணின் கல்லறை முன் உட்காரவைத்துப் படம் எடுக்கிறோம். அதைக் காதல் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்!

‘அரேபிய இரவுகள்’ என்றொரு தீம் உண்டு. தொங்கு விளக்குகளும் திண்டுகளும் கூடாரமுமாக அது கண்ணைப் பறிக்கிறது. அக்கதைத் தொகுதியின் அடிப்படைக் கதையை இவர்கள் கேட்டதுண்டா? இரவுதோறும் ஒரு கன்னியை மணந்து, விடிந்ததும் அவளைக் கொன்றுவிடும் மன்னனின் கதை அது. அவன் வாளிலிருந்து தப்புவதற்காகவே புது மணப்பெண் இரவெல்லாம் கதை சொல்கிறாள். ஒரு திருமணத்துக்கு இதைவிடப் பொருந்தாத கதையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெள்ளைக் கவுனின் வரலாறும் இதுபோன்றதே. 1840இல் இங்கிலாந்தின் விக்டோரியா அரசி தம் திருமணத்துக்கு வெள்ளைப் பட்டும், தம் நாட்டுக் கைத்தொழிலான ஹானிட்டன் பூவேலைப் பின்னலும் அணிந்தார். அவ்வழக்கமே மேலைநாடுகளில் பரவியது. அந்த அரசியாவது தம் நாட்டு நெசவாளர் கைக்கு வேலை கொடுத்தார். அவரைப் பார்த்து உடுத்தும் நாம் யார் கைக்கு வேலை கொடுக்கிறோம்?

மொகலாய தர்பார் எங்கிருந்து வந்தது? வரலாற்று நூல்களிலிருந்து வந்ததாக எண்ணிவிட வேண்டா. 1960இல் வெளிவந்த ‘மொகலே ஆஜம்’ படத்தின் கண்ணாடி மாளிகையும், 2008இல் வெளிவந்த ‘ஜோதா அக்பர்’ படத்தின் நகைகளும் ஆடைகளுமே இந்த தர்பாரின் தாய்வீடு. திரைப்படக்காரர் தம் வாணிகத்துக்காக முஸ்லிம் என்றால் இப்படி இருப்பான் என்று ஓர் உருவம் செய்தார். உண்மையான முஸ்லிம்களாகிய நாம், அவர் செய்த பொய்யான முஸ்லிமின் வேடத்தை வாடகைக்கு எடுத்து அணிந்துகொள்கிறோம். இதைவிட இரங்கத்தக்க நிலை வேறுண்டோ?

நமக்கென்று ஒன்றும் இல்லாதவர்களா நாம்? திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை இருக்கிறது. தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பட்டுப் போன்ற பாய் நெய்பவர்கள் நம் முஸ்லிம் குடும்பத்தினர். மணமக்களின் பெயரையே பாயின் இழையில் எழுத்தாக நெய்து தரும் கலை அவர்களுடையது. கருகமணி நம்முடையது. பெண்கள் கூடி இசைக்கும் நலங்குப் பாடலும் பைத்தும் நம்முடையவை. காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் ஒரே சஹனைச் சுற்றிச் செல்வரும் எளியவரும் அமர்ந்து உண்ணும் பந்தியும் நம்முடையது. வேறு எந்தக் காட்சியையும் வாடகைக்கு எடுக்க வேண்டிய தேவை இந்தச் சமுதாயத்துக்கு இல்லை. ஓர் இரவில் பிரியும் தெர்மாக்கோல் கோட்டைக்குக் கொடுக்கும் பணத்தில் சிறுபகுதி பத்தமடைக்குப் போனால், அங்கே ஓர் அடுப்பு எரியும். இங்கே ஒரு பாய் ஆண்டுக்கணக்கில் விரியும்.

நிற்க. இதுவரை சொன்னது ரசனையைப் பற்றியது. ரசனைக் குறைவு பாவமன்று. இனிச் சொல்லப்போவது நீதியைப் பற்றியது.

கைக்கூலிக்கு எதிராக நம் ஊர்களில் இளைஞர்களும் ஆலிம்களும் பல்லாண்டுகளாகப் பாடுபட்டார்கள். அதன் பயனாக, ரொக்கம் கேட்க நாணும் மாப்பிள்ளை வீடுகள் பெருகின. அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் முன்வாசலில் விரட்டப்பட்ட கைக்கூலி இப்போது வேடம் மாற்றிக்கொண்டு பின்வாசலில் நிற்கிறது. “எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்; கல்யாணத்தை மட்டும் எங்கள் தரத்துக்குச் சிறப்பாகச் செய்துவிடுங்கள்” என்கிறார்கள். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லுக்குள் மண்டபம் இருக்கிறது, மேடை இருக்கிறது, ஒளிப்படக் குழுவும் பறக்கும் கேமராவும் இருக்கின்றன, மருதாணி இரவுக்கென்று தனியாக இன்னொரு ‘தீம்’ இருக்கிறது. ரொக்கம் வாங்கினால் ஊர் தூற்றும்; அலங்காரமாக வாங்கினால் ஊரே வந்து நின்று செல்பி எடுத்துக்கொள்ளும். இரண்டும் அதே வாப்பாவின் பையிலிருந்துதான் போகின்றன. பாலைவன வெயிலில் இருபது ஆண்டுகள் உழைத்தவரின் சேமிப்பு ஒரே மாலையில் ஒளிவிளக்காகக் கரைகிறது. கரைந்ததில் ஒரு காசும் அவர் மகளுக்குச் சொந்தமாவதில்லை.

மகளுக்குச் சொந்தமாவது எது? மஹர். திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயம், பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்கலாகாது என்றும் அதே அத்தியாயம் எச்சரிக்கிறது. தந்தையோ, கணவனோ, மாமியோ உரிமை கொண்டாட முடியாத பெண்ணின் தனிச்சொத்து அது. இந்திய அரசின் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமும், முஸ்லிம் தனியார் சட்டத்துக்கு உட்பட்டோரின் மஹர் வரதட்சணை ஆகாது என்று பிரித்தே வைத்தது. அத்தகைய மஹரின் இன்றைய நிலை என்ன? இல்லந்தோறும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிக்காஹ் தஃப்தரில் எழுதிய மஹர்த் தொகையை ஒரு பக்கம் எழுதுங்கள். மேடை அலங்காரத்துக்குக் கொடுத்த தொகையை மறுபக்கம் எழுதுங்கள். எத்தனை வீடுகளில் பூவுக்குக் கொடுத்தது பெண்ணுக்குக் கொடுத்ததை விஞ்சி நிற்கிறது? வாடும் பூவுக்கு ஒரு விலை, வாழும் பெண்ணுக்கு அதனினும் குறைந்த விலையா?

ஒரு சிலர் இங்கே குறுக்கிட்டு, “மஹரை எளிதாக்குவது சுன்னத்து அல்லவா? இரும்பு மோதிரத்தையேனும் தேடிப் பார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லையா?” என்று கேட்பர். சொன்னார்கள், உண்மை. ஆனால் யாரிடம் சொன்னார்கள்? தம் இடுப்பில் கட்டியிருந்த வேட்டியைத் தவிர வேறொன்றும் இல்லாத ஏழைத் தோழரிடம் சொன்னார்கள். அவரிடம் மேடை இல்லை, கேமரா இல்லை. தம்மிடம் ஒன்றும் இல்லையென்று சொன்ன அலீ (ரலி) அவர்களிடம், உம்முடைய கவசம் எங்கே என்று கேட்டு, அதையே அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு மஹராகக் கொடுக்கச் செய்தார்களே, அதையும் எண்ணிப் பாருங்கள். போர்வீரனுக்குக் கவசம் எவ்வளவு அருமையானது! உள்ளவற்றுள் சிறந்ததைப் பெண்ணுக்குக் கொடு என்பதே அதன் பாடம். அலங்காரத்துக்கு வாரி இறைக்கும் போது சீமானாகவும், மஹர் எழுதும் போது இரும்பு மோதிரத் தோழராகவும் ஒரே மாலையில் இரண்டு வேடம் போடுவது சுன்னத்து ஆகாது.

இனி விருந்துக்கு வருவோம். ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மணந்தபோது, ஒரு தோல் விரிப்பு விரிக்கப்பட்டது. உள்ளவர் உள்ளதைக் கொண்டுவந்தனர். பேரீச்சம்பழமும் உலர்ந்த பாலாடைக்கட்டியும் நெய்யும் கலந்ததே வலீமா. வந்தவர் அனைவரும் அவ்விருந்தின் பங்காளிகள். இன்றைய ‘தீம்’ விருந்தில் வந்தவர் யார்? காட்சியின் பின்னணியில் நிற்கும் துணை நடிகர்! வெளிர்நீல நிறத்தில் வரச்சொன்னால், பெருநாளைக்கு எடுத்த ஒரே பட்டுப்புடவை பச்சை நிறமாக உள்ள ஏழைச் சாச்சி என்ன செய்வார்? கடன்பட்டு நீலம் எடுப்பார். அல்லது உடல்நலம் இல்லையென்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார். செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்று எச்சரிக்கப்பட்ட சமுதாயம் இது. ஏழையை அழைக்காமல் விடுவது பழைய வழி. அழைத்துவிட்டு, வரமுடியாதபடி செய்வது புதிய வழி.

நிக்காஹ்வின் கதியையும் பாருங்கள். வலீ, இரு சாட்சிகள், ஈஜாபு, கபூல், மஹர். எளிமையும் கண்ணியமும் வாய்ந்த ஒப்பந்தம் அது. கேமராவின் கோணம் சரியாகும் வரை குத்பாவை நிறுத்திவைக்கும் மண்டபங்களும், மணமக்களின் ‘நுழைவுக் காட்சி’க்காக மக்ரிபைத் தவறவிடும் கூட்டமும் பெருகிவிட்டன. வேடத்துக்காக நிக்காஹ் காத்திருக்கிறது.

“எங்கள் பணம், எங்கள் விருப்பம், உங்களுக்கென்ன?” என்பார் செல்வர். அவர் பணம் அவருடையதே. ஆனால் அவர் மேடை அவருடையது மட்டுமன்று. இன்று ஒரு பெரிய வீட்டின் விருப்பம், நாளை நடுத்தர வீட்டின் கட்டாயம், மறுநாள் ஏழை வீட்டின் கடன். அடுத்த தெருவில் இருபத்தெட்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, அந்த மேடையின் படத்தைக் கைப்பேசியில் பார்க்கும் உம்மாவின் பெருமூச்சில் அவருக்கும் பங்குண்டு. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்று மறை சொல்வதும் சொந்தப் பணத்தைச் செலவிடுவோரைப் பற்றித்தான்.

இதற்குச் சட்டம் போட்டால் தீருமா? பாகிஸ்தானில் 1976ஆம் ஆண்டே சீதனத்துக்கு 5,000 ரூபாய், திருமணச் செலவுக்கு 2,500 ரூபாய் என்று வரம்பு கட்டிச் சட்டம் செய்தார்கள். அது ஏட்டோடு நின்றது. பின்னர் பஞ்சாப் மாகாணம் 2016இல் விருந்துக்கு ஒரே கறி என்று மீண்டும் சட்டம் செய்ய நேர்ந்தது. காவலர் வந்து பாத்திரத்தை எண்ணினால் திருந்துவதன்று இந்நோய். வீடும் ஜமாஅத்தும் திருந்தினால் திருந்தும்.

ஆகவே நாம் கேட்பது மிக எளிய ஒன்று. மேடை, மஹரை விஞ்சலாகாது. அலங்காரத்துக்கு ஒரு லட்சம் என்றால், மஹர் அதற்குக் குறைய வேண்டா. மேடைச் செலவை யார் விரும்பினாரோ அவரே ஏற்கட்டும். மாப்பிள்ளை வீட்டின் ஆசைக்குப் பெண் வீடு விலைகொடுக்க வேண்டா. நிச்சயம் பேசும் சபையில் மஹரை முதலில் பேசுங்கள். மண்டபத்தைக் கடைசியில் பேசுங்கள். விருந்தினர் உடுத்திவருவதற்கு நிறம் குறிக்காதீர்கள். ஜமாஅத்துப் பெரியவர்கள் தஃப்தரைத் திறக்கும்போது, மஹர் ரொக்கமா, கடனா, பெண்ணின் கைக்கே போய்ச் சேர்ந்ததா என்று சபையில் உரக்கக் கேட்கட்டும்.

இளைஞர்களே! உங்கள் மனைவிக்கு நீங்கள் முதன்முதலாகக் கொடுப்பது உங்கள் உழைப்பின் பொருளாக இருக்கட்டும். அவள் வாப்பாவின் பணத்தில் எழுந்த அட்டைக் கோட்டையாக இருக்க வேண்டா. கோட்டையை விடிவதற்குள் பிரித்துவிடுவார்கள். கொடுத்த மஹர் அவள் பெயரில் நிற்கும்.