ஜுரம் இறங்கிய பிறகு

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வருஷத்தில் ஆறிலிருந்து எட்டுத் தடவை சளி பிடிப்பது இயற்கையே என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மூக்கொழுகலும் இருமலும் முற்றிலும் ஓயப் பத்து நாளேனும் ஆகுமென்று வைத்துக்கொண்டால், வருஷத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் அந்த வீட்டில் ஏதேனும் ஒரு மருந்துப் புட்டி திறந்தபடியே இருக்கும். அதே வருஷத்துக்குள்தான் பிறந்த நாளும், காது குத்தும், தீபாவளியும், பொங்கலும், அத்தை வீட்டுக் கல்யாணமும் வந்து போக வேண்டும். நோயும் விசேஷமும் இப்படி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரும் இளங்குடும்ப வாழ்க்கையில், இரண்டுக்கும் நடுவே உடம்பு தேறுவதற்கென்று ஒரு காலம் உண்டு என்ற நினைவு நம்மிடமிருந்து மெல்ல மெல்ல நழுவி வருகிறது. ஜுரம் இறங்கிய மறுநாள் காலையில் சீருடையை மாட்டிப் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறோம். அன்று மாலையே பட்டுப் பாவாடை உடுத்திக் கல்யாண வரவேற்புக்கு அழைத்துப் போகிறோம். பெற்றோருக்கு அன்பு குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பள்ளியும் அலுவலகமும் உறவினரும் சேர்ந்து அவர்களை அவசரப்படுத்துகிறார்கள். தேறும் நாட்களைக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும், அதற்கு வீட்டுக்கு வெளியே இருப்பவர்களின் ஒத்துழைப்பே பிரதானம் என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

நம் பாட்டிமார்களுக்கு இந்த நினைவு நன்றாக இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருக்கும்; அடுக்களையில் தாளிதம் செய்ய மாட்டார்கள்; வெளியூரிலிருந்து எவரும் வந்து தங்க மாட்டார்கள்; பக்கத்து வீட்டுக்காரரும் திண்ணையோடு நின்று விசாரித்துவிட்டுப் போவார். முத்து இறங்கிப் பொருக்குத் தட்டிய பின்னர், வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கிய நீரைக் கொண்டு குழந்தைக்கு முதல் தண்ணீர் விடுவார்கள். அந்தந்தக் குடும்பத்தின் வழக்கப்படி நாள் விட்டு நாள் இரண்டாவது தண்ணீரும் மூன்றாவது தண்ணீரும் ஆன பிறகே அது வாசற்படி இறங்கலாம். இந்தச் சம்பிரதாயத்தின் காரணத்தை அவர்கள் மாரியம்மனிடத்தில் கண்டார்கள். நாம் கிருமியிடத்தில் காண்கிறோம். பெரியம்மை 1975-இல் இந்தியாவை விட்டு நீங்கிவிட்டது; சின்னம்மை மட்டும் இன்னும் வருகிறது. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்று இன்றைய வைத்திய சாஸ்திரமும் சொல்கிறது. மூன்று தண்ணீரும் முடியாத பிள்ளையைக் கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போகும் துணிவு எந்தத் தாய்க்கும் வந்ததில்லை; அவளை வரச் சொல்லி வற்புறுத்தும் துணிவு எந்த உறவினருக்கும் வந்ததில்லை என்பதே இதில் நான் முக்கியமாகக் கருதுவது. அந்த மரியாதை அம்மைக்கு மட்டுமே இன்று ஓரளவு எஞ்சி நிற்கிறது. மற்ற நோய்களுக்கெல்லாம், நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்று கண்டால் அதுவே முடிவாகிவிடுகிறது.

சூடு இல்லாவிட்டால் நோயும் இல்லை என்ற எண்ணம் எவ்வளவு அபாயகரமானது என்பதை டெங்குவைப் போல் வேறு எந்த நோயும் காட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை அடுத்து நம் ஊர்களில் ஆண்டுதோறும் பரவும் அந்த ஜுரம் இரண்டிலிருந்து ஏழு நாள் வரை காய்ந்துவிட்டு இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கண்ட தாய் நிம்மதியாக மூச்சு விட்டு, குவிந்து கிடக்கும் துணிகளை நனைக்கப் போகும் வேளையில்தான், சில குழந்தைகளுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறத் தொடங்குகிறது. அதிலிருந்து 24 முதல் 48 மணி நேரம் வரையில் உள்ள அவகாசமே அந்நோயின் கடுமையான கட்டம். தாங்க முடியாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு, கைகால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைந்து போதல், எழுப்பினாலும் எழாத சோர்வு, அல்லது ஓரிடத்தில் படுக்க முடியாத பரபரப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஜுரம் இறங்கிய பிள்ளை வகுப்பறையின் கடைசி பெஞ்சில் தலை சாய்த்துக்கொண்டிருக்குமானால், அல்லது நாகஸ்வர ஓசைக்கு நடுவே எவர் மடியிலோ தூங்கிக்கொண்டிருக்குமானால், இந்த அடையாளங்களைக் காண்பவர் யார்?

டெங்கு ஒன்றுதான் இப்படி என்பதில்லை. தட்டம்மை வந்து போன குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்காகவும் குன்றியிருப்பதால், நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் அந்தச் சமயம் பார்த்துப் பற்றிக்கொள்கின்றன. தொண்டைப் புண்ணுக்குக் கொடுத்த மாத்திரையை, வலி நின்றதும் பாதியில் நிறுத்திய பிள்ளைகளில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மூட்டு வீங்கி, இருதயத்தையே பாதிக்கும் வாதஜுரம் வருவதுண்டு.

தேறும் காலத்தில் ஆகாரத்தைப் பற்றியும் நாம் பாதியைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறோம். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு நீரும் உணவும் கொடாமல் வயிற்றைக் காயப் போடுவதே மருந்து என்று நெடுங்காலம் நம்பினோம். லங்கணம் பரம ஔஷதம் என்று அதற்கு ஆதாரமும் சொன்னோம். 1971-இல் வங்காள தேச யுத்தத்தின்போது எல்லை கடந்து வந்த அகதிகளின் முகாம்களில் காலரா பரவியபோது, பங்காவ் என்னும் ஊரில் பணி செய்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், நரம்பில் ஏற்றும் சலைன் கையிருப்புத் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த நிலைமை மாறி, மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பின்னர் 2023-இல் தேசம் அவருக்குப் பத்ம விபூஷண் அளித்துக் கௌரவித்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலின் பெருமை இன்று பட்டிதொட்டியெல்லாம் தெரியும். ஆனால் வைத்தியர் அதோடு சேர்த்துச் சொல்லும் அடுத்த வாக்கியம் எத்தனை பேர் காதில் விழுகிறது? போக்கு நின்ற பின்னும் துத்தநாக மாத்திரையை நிறுத்தாமல் மொத்தம் 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும். போக்கு நின்ற நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குக் குழந்தைக்குத் தினமும் வழக்கத்தைவிட ஒரு வேளை அதிகமாக உணவு ஊட்ட வேண்டும். இழந்த எடையைக் குழந்தை மீட்டுக்கொள்வது அந்த ஒரு வேளைச் சோற்றினால்தான்.

அந்த ஒரு வேளைச் சோற்றை ஊட்டுவது எத்தகைய காரியம் என்பது ஊட்டியவர்களுக்கே தெரியும். நோயிலிருந்து எழுந்த குழந்தை நோயில் கிடந்த குழந்தையைவிடப் பிடிவாதம் மிக்கது. குழைந்த பருப்புச் சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ரசம் சாதத்தை இரண்டு வாய் வாங்கிவிட்டு மூன்றாவதைத் துப்பும். தாயின் புடைவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, அவள் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டி அழும். இரவில் காரணமின்றி விழித்து விளையாட ஆள் கேட்கும். முந்திய நான்கு இரவுகள் ஈரத் துணி மாற்றிக்கொண்டே கண் விழித்த தாய்க்கு இந்த ஐந்தாம் இரவு எல்லாவற்றிலும் கடினமானது. நோய் கடுமையாக இருந்தபோது உதவிக்கு வந்த பாட்டியும் சித்தியும் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்கள். தகப்பனார் விடுப்பு முடிந்து வேலைக்குப் போயிருப்பார். வீட்டில் மூத்த பிள்ளை ஒன்று இருக்குமானால் அதன் நிலைமையையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தம்பிக்கு ஜுரம், சத்தம் போடாதே என்று ஒரு வாரம் அதட்டப்பட்டு, தானாகவே சாப்பிட்டு, தானாகவே தூங்கி, தனக்கும் வயிறு வலிக்கிறது என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்து, அதை எவரும் நம்பாமல் போன அந்தச் சிறு ஜீவனும் தேற வேண்டியதே. தம்பி தூங்கும் அரை மணி நேரத்தை மூத்தவனுக்கென்று வைத்து, அவனோடு தரையில் உட்கார்ந்து பேசுவதற்கும் தேறும் நாட்கள்தான் இடம் கொடுக்கின்றன. அவசரமாக எல்லோரையும் வேனில் ஏற்றிவிடும் வீட்டில் இதற்கெல்லாம் நேரம் இல்லை.

இனி விசேஷங்களுக்கு வருகிறேன். முதற்பிறந்த நாளுக்கு வீட்டில் ஆயுஷ்ய ஹோமம் செய்து, பாயசம் வைத்து, தெருவில் நாலு பேருக்குச் சாப்பாடு போட்ட காலம் போய், மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, மேடையில் பலூன் வளைவு கட்டி, முந்நூறு பேரை அழைக்கும் காலம் வந்திருக்கிறது. குழந்தையின் மகிழ்ச்சியைப் பலரோடு பகிர்ந்துகொள்ள விரும்புவதில் குற்றமே இல்லை. கொண்டாட்டம் இல்லாத பிள்ளைப் பருவத்தை நான் எவருக்கும் விரும்ப மாட்டேன். ஆனால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய நாளிலிருந்து அந்தத் தேதி குழந்தையைவிடப் பெரியதாகிவிடுகிறது. முதல் நாள் இரவு வரை ஜுரத்தில் கிடந்த குழந்தைக்கு ஒரு வேளை மருந்தைக் கொடுத்துச் சூட்டை இறக்கி, கனத்த ஜரிகை உடுப்பை மாட்டி, வீடியோ விளக்கின் எதிரே உட்கார்த்திவைக்கிறார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் கையில் வாங்கிக் கன்னத்தைக் கிள்ளி முத்தமிடுகிறார்கள். கேக் வெட்டும்போது பிள்ளை வீறிடுகிறது. தொற்று இந்தக் குழந்தையிடமிருந்து மற்றப் பிள்ளைகளுக்கும் போகிறது என்பதையும் மறப்பதற்கில்லை. அடுத்த வாரம் அந்த விசேஷத்துக்கு வந்த நாலு வீடுகளில் இருமல் கேட்கும்.

தள்ளி வைப்பது அபசகுனம் என்று ஒரு சாரார் தயங்குகிறார்கள். நம் வழிபாட்டு மரபையே எடுத்துப் பார்த்தால் இந்தத் தயக்கத்துக்கு ஆதாரம் இல்லை. பிள்ளை நோயில் கிடக்கும்போது சமயபுரத்தாளுக்கோ பழனி ஆண்டவனுக்கோ முடி இறக்குகிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் தாய், நோய் தீர்ந்த மறுநாளே புறப்பட்டுவிடுவதில்லை. பிள்ளை தேற வேண்டும், கையில் பணம் சேர வேண்டும், தாய்மாமனுக்கு ஒழிவு கிடைக்க வேண்டும். ஆடியோ தையோ வரட்டும் என்று காத்திருக்கிறாள். தாமதத்துக்காக எந்தத் தெய்வமும் கோபித்ததாக அவள் நினைப்பதில்லை. மொட்டையும் காது குத்தும் தாய்மாமன் மடியும் சீர்த்தட்டும் கிடாய் விருந்துமாகக் குலதெய்வக் கோயிலில் நடக்கும் அந்த வைபவம், பிழைத்தெழுந்த பிள்ளை ஆரோக்கியமாக ஓடி ஆடுவதைக் குலத்தார் எல்லோரும் கண்ணாரக் காணும் நாளாக அமைகிறது. நேர்த்திக்கடனுக்குக் காட்டும் பொறுமையைப் பிறந்த நாளுக்கும் காட்டலாம். மண்டபம் நடத்துவோர், குழந்தை விசேஷம் நோயினால் தள்ளிப்போனால் முன்பணத்தை வேறு தேதிக்கு மாற்றிக் கொடுப்பதென்று ஒரு விதியைத் தாமே செய்துகொள்வார்களானால் எத்தனையோ தாய்மாரின் வாழ்த்து அவர்களுக்குக் கிடைக்கும்.

பள்ளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவருக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கும் வழக்கத்தை, குறைந்த பட்சம் மழலை வகுப்புகளிலும் தொடக்க வகுப்புகளிலுமாவது, அடியோடு நிறுத்த வேண்டும். நோயுறாமல் இருப்பது ஐந்து வயதுப் பிள்ளையின் சாமர்த்தியத்தில் இல்லை. நோயோடு வந்து உட்காருவதைப் பாராட்டுவதோ மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு. மருந்தின் உதவியில்லாமல் ஒரு முழு நாள் ஜுரமின்றி இருந்த பிறகே பிள்ளையை அனுப்புங்கள் என்று தலைமையாசிரியரே பெற்றோருக்குச் சொல்லி, விட்டுப்போன பாடத்தை ஆசிரியர் கூட இருந்து சொல்லிக் கொடுத்தால், வீட்டில் பாதி அவசரம் தணிந்துவிடும்.

மற்றப் பாதி வேலை செய்யுமிடத்தில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியரான தாய்மார்களுக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுச் சட்டம் தனியார் நிறுவனப் பெண்களுக்கும் 26 வாரம் கொடுத்தது. ஆனால் அது பிரசவத்தை ஒட்டியது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலையிலோ ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் தாயின் இரண்டு வயதுக் குழந்தை நோயுற்றால், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அதற்குச் சிகிச்சை கிடைக்கும். அவள் இழக்கும் கூலிக்கு ஈடு கிடைக்காது. இ.எஸ்.ஐ. ஏற்பாட்டில் ஆண்டுக்கு 91 நாள் வரை நூற்றுக்கு எழுபது வீதம் கிடைக்கும் நோய்க்கால உதவித் தொகை தொழிலாளி தானே நோயுற்றால் மட்டும்தான். குழந்தை தேறும்வரை வீட்டில் இரு என்று அவளுக்கு உபதேசம் செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஸ்வீடன் தேசத்தில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 120 நாள் வரையில், சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உதவித் தொகையுடன், தாயோ தந்தையோ வீட்டில் இருந்து நோயுற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். அத்தனை நாள் இங்கே இப்போதே சாத்தியம் என்று நான் சொல்லவில்லை. வருஷத்துக்குப் பத்து நாள், தாய் தந்தை இருவரில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி, கூலி பிடிக்காமல் கொடுப்பது நம் தொழில்களுக்குத் தாங்காத பாரம் ஆகாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவும், 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் தந்து தேசத்துக்கே வழி காட்டிய தமிழ்நாட்டு அரசு, இந்தப் பத்து நாளையும் சட்டமாக்கித் தர வேண்டும்.