மூலமாகத்தான் இருக்கும்

பத்திரிகைக் காரியாலயத்தில் முப்பது வருடங்களாகக் காலந்தள்ளிய எனக்கு, எந்தச் சொல் அச்சேறும், எது அச்சேறாது என்பது மனப்பாடம். கொலை, கொள்ளை, குண்டுவெடிப்பு, கிணற்றில் மிதந்த சடலம் எல்லாம் முதற்பக்கத்தில் வரும். அவற்றைக் காலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தே வாசிப்போம். ‘மலம்’ என்ற சொல் மட்டும் ஆகாது. பெருங்குடல் நோய்கள் குறித்து வைத்தியர் ஒருவர் எழுதி அனுப்பிய கட்டுரையில், அந்தச் சொல் வந்த இடமெல்லாம் ‘கழிவு’ என்று மாற்றப்பட்டதைக் கண்டிருக்கிறேன். அச்சாகி வந்தபோது அது நகரசபையின் குப்பை அகற்றும் பணி பற்றிய கட்டுரையைப் போலிருந்தது.

இந்தக் கூச்சம் எமது முன்னோரிடமிருந்து வந்ததென்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பாடசாலை விடுமுறை விட்டதும் பிள்ளைகளை வரிசையில் இருத்திப் பேதிக்குக் கொடுத்த தலைமுறை அது. “வெளிக்குப் போனியோ?” என்று ஆச்சிமார் முற்றத்தில் நின்றே கேட்பார்கள். பரியாரியாரும் நாடி பிடித்த கையோடு அதைத்தான் கேட்பார். விளக்கெண்ணெய் வைத்தியத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், உடம்பு தரும் சேதியைக் கவனிக்கவும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படித்தவர்களான பிறகுதான் நாங்கள் அதற்கு நாணப் பழகினோம்.

அந்த நாணத்தின் விலை சிறியதல்ல. எம்மோடு ஒப்புநோக்குநராகப் பணியாற்றிய நண்பர் ஒருவர், ஒரு காற்புள்ளி தவறினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. “மூலமாகத்தான் இருக்கும்” என்று தானே தீர்மானித்தார். சூடு என்று கோழியையும் கருவாட்டையும் நிறுத்தினார். மருந்துக்கடையில் பூச்சுமருந்து வாங்கினார். காலையில் ஒரு தடவை போனவர் நாலைந்து தடவை போகலானார். போய்வந்த பின்னரும் முழுதாகப் போகாதது போன்ற உணர்வு. எட்டு மாதங்கள் மனைவிக்குக்கூட அவர் சொல்லவில்லை. படியேறும்போது தலைசுற்றி விழுந்த பின்னர்தான் மகள் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றாள். விரலால் தொட்டறியக்கூடிய தூரத்தில், மலக்குடலில் கட்டி இருந்தது. அதற்குள் ஈரலுக்கும் பரவிவிட்டது. அதன் பின்னர் பதினான்கு மாதங்கள் இருந்தார்.

இரத்தம் கண்டவர்க்கெல்லாம் புற்றுநோய் என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. பெரும்பாலானோருக்கு அது மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். ஆயினும் மூலம் உள்ளவருக்கு மேலே கட்டியும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லையென்றாகிவிடாது. எது என்று தீர்மானிக்க வேண்டியது வைத்தியரின் விரற்பரிசோதனையும், தேவைப்படின் குழாய்வழிப் பரிசோதனையுமே. மருந்துக்கடை மேசையில் தீர்க்கும் வழக்கல்ல அது.

எத்தனை தடவை போவது சரி என்பதிலும் எம்மவரிடையே வீணான கவலை உண்டு. ஒரு நாள் தவறினால் உலகமே இருண்டுவிட்டதாக நினைப்பவர்களை எனக்குத் தெரியும். நாளுக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே இயல்புதான் என்கிறது மருத்துவம். 1997இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். முதலாவது, ஆட்டுப்புழுக்கை போன்றது. ஏழாவது, வெறும் தண்ணீர். நடுவிலுள்ள மூன்றாவதும் நான்காவதும் நல்லவை. வெட்கப்படும் நோயாளி வாய் திறக்காமலே இலக்கத்தைத் தொட்டுக் காட்டிவிடலாம். இலக்கத்தைவிட முக்கியமானது, உங்களுடைய வழமை எது, அது மாறியிருக்கிறதா என்பதே.

மாற்றம் கண்டவுடன் பதறவும் வேண்டியதில்லை. நீரிழிவுக்கு மெற்போமின் குளிசை தொடங்கியவர்களுக்கு வயிறு இளகுவதுண்டு. கோடீன் கலந்த வலிநிவாரணிகள் மலத்தை இறுக்கும். இரும்புச்சத்துக் குளிசை அதைக் கறுப்பாக்கும். பீற்றூட் சிவப்பாக்கிப் பீதியைக் கிளப்பும். தைரொயிட் சுரப்பி மந்தமானால் மலச்சிக்கல், மிகையானால் வயிற்றோட்டம். ஊர்மாற்றம், சாப்பாட்டு மாற்றம், பரீட்சைப் பயம் யாவும் சில நாட்களில் அடங்கிவிடும். சாதாரண வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் குடித்தாலே பெரும்பாலும் போதும்.

ஆனால், மாற்றம் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், இரத்தம் கண்டால், காரணமின்றி உடல் மெலிந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைக்கும் வயிற்றோட்டம் என்றால், வைத்தியரிடம் போக வேண்டும். தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், இரைப்பைப் பக்கத்து இரத்தக்கசிவாக இருக்கலாம். அதற்கு நாள் பார்க்கக்கூடாது. வயிறு ஊதி, வாந்தியும் எடுத்து, காற்றும் பிரியவில்லையென்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால், நாற்பது வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடம் முன்னரோ, எது முந்தியதோ அப்போதே பரிசோதிக்குமாறு வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெருங்குடலின் வலப்பக்கம் அகலமானது. அங்கே மலம் இன்னும் இறுகாமல் இருக்கும். ஆகவே அங்கு வளரும் கட்டி வழியை இலகுவில் அடைக்காது. கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்து, ஆள் வெளிறிக் களைத்துப் போவார். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரத்தச்சோகை வந்தால், காரணத்தைத் தேடாமல் இரும்புச்சத்துக் குளிசையோடு விட்டுவிடக்கூடாது.

ஊடகத்தால் என்ன செய்யமுடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. தொலைக்காட்சி ஊடகவியலாளர் கேற்றி கூரிக், தமது கணவரை 42 வயதில் பெருங்குடற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2000ஆம் ஆண்டில் தமக்குச் செய்யப்பட்ட கொலனோஸ்கோப்பி பரிசோதனையைத் தொலைக்காட்சியில் காட்டினார். அதன் பின்னர் இப்பரிசோதனை செய்துகொள்வோர் தொகை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடியதை 2003இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அந்தப் பெண்மணிக்கு இருந்த துணிவு எமது ஆசிரியபீடங்களுக்கு ஏன் இல்லை? குறைந்தபட்சம் அந்தச் சொல்லையாவது அச்சிடலாமே!

பிரித்தானியாவில் குறித்த வயதினருக்கு மலப் பரிசோதனைப் பொதி தபாலில் வீடு தேடி வருகிறது. இங்கே அப்படி எவரும் அனுப்புவதில்லை. நாமாகக் கவனித்து, நாமாகப் போய்ச் சொல்ல வேண்டும். எங்கே போய்ச் சொல்வது? வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரின் மேசையருகே ஒருவர் இருக்க, அவரது தோளை உரசிக்கொண்டு அடுத்தவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் அயல்வீட்டுக்காரர். அந்த நெருக்கத்தில் ‘இரத்தம் போகிறது’ என்று சொல்ல வந்தவர் ‘காய்ச்சல்’ என்று சொல்லி, பனடோலோடு திரும்புகிறார். இலவச மருத்துவத்தை இத்தனை காலம் கட்டிக்காத்த நாட்டில், ஒரு திரைச்சீலைக்கா பஞ்சம்? அதைத் தொங்கவிடும் வரை, சொல்லக் கூசுபவர்கள் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போகலாம்: எப்போதிருந்து, எத்தனை தடவை, என்ன நிறம், இரத்தம் உண்டா, என்னென்ன குளிசை எடுக்கிறேன். மேசையில் வைத்தால் வைத்தியர் வாசித்துக்கொள்வார்.