தலைவிதிக்குப் புதுப் பெயர்

இலங்கைத் தமிழர் முகாம்களில் வளரும் குழந்தைகளைப் பற்றி ஒரு புகழ்மொழி அடிக்கடி காதில் விழுகிறது. "எவ்வளவு கஷ்டத்தையும் தாங்கிக் கொள்ளுகிறார்கள், என்ன மனோதிடம்!" என்கிறார்கள். கருங்குழியில் நமது தோழர் ஒருவரே இதைச் சொல்லி மெச்சினார். மனோதிடம் இருக்கட்டும். கருங்குழியில் பிறக்கும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உத்தியோகமும் வேண்டுமென்று கேட்கிறோமேயொழிய, தாங்கும் சக்தி வேண்டுமென்று யாராவது மனுப் போடுகிறோமா? முன்ஜென்ம வினை, பொறுத்துக்கொள் என்று ஜோசியன் சொன்னதைத்தான் இப்பொழுது படித்தவர்கள் வேறு பாஷையில் சொல்லுகிறார்கள்.

1983 கலவரத்துக்குப் பிறகு ஓடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று முகாமில் படிக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் சட்டசபையில் சொன்ன கணக்குப்படி முகாம்களில் மாத்திரம் 58,822 பேர். இலங்கையைக் கண்ணாலும் பாராத குழந்தை எப்படி இலங்கை அகதியாயிற்று? அப்பன் அகதி, ஆகையால் பிள்ளையும் அகதி! பார்ப்பான் மகன் பார்ப்பான், தோட்டி மகன் தோட்டி என்ற மநுதர்மத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிறவியினால் உயர்வு தாழ்வு இல்லையென்று 1929-ல் நமது செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானித்தது இக்குழந்தைகளுக்குப் பொருந்தாதா?

1987 ஜூலை 1-க்கு முன் இங்கு பிறந்தவன் பிறப்பாலேயே பிரஜை. பின்னால் பிறந்தவனுக்குப் பெற்றோரைப் பார்க்கிறது சட்டம். 2019 திருத்தமோ மூன்று தேசத்தாருக்கு, அதுவும் மதம் பார்த்து, கதவு திறந்தது. அந்த மூன்றில் இலங்கை இல்லை. இந்து, இந்து என்று ஓயாமல் கூவுகிறவர்களுக்கு இந்த இந்துக்கள் மாத்திரம் கண்ணில் படவில்லை போலும்!

குழந்தையின் தைரியம் ஆகாயத்திலிருந்து விழுவதல்ல. அகதிகளே 1984-ல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கண்டு, முகாம்களில் மாலை வகுப்பு நடத்திப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதன் பலன்தான் நாம் மெச்சுகிற மனோதிடம். ஆனால் பட்டம் வாங்கிய அண்ணன் பிரஜையல்லாததால் சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போட முடியாமல் பெயிண்டு அடிக்கப் போவதைத் தம்பி தினமும் பார்க்கிறான். பிறகு அவன் ஏன் படிக்க வேண்டும்? 2021-ல் 7,469 புது வீடுகள் அறிவித்தார்கள். முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் வைத்தார்கள். நல்ல காரியம்தான், வரவேற்கிறோம். ஆனால் வீட்டுக்குள் இருக்கிறவன் இன்னும் அந்நியன்தானே?

பிரஜா உரிமை டில்லி விஷயம் என்று உள்ளூர்ப் பெரியவர்கள் கைகழுவுவார்கள். டில்லிக்குப் போகிறவர்களும் நம்மிடம் வோட்டுக் கேட்டுத்தானே போகிறார்கள்? அடுத்தமுறை கருங்குழிக்கும் மதுராந்தகத்துக்கும் அவர்கள் வரும்பொழுது தோழர்கள் கேட்க வேண்டியது இதுதான்: மண்டபம் முகாமில் பிறந்த குழந்தை எந்த ஊர்ப் பிள்ளை?