ஒரே ஒரு வசனத்துல அடைச்சுட்டீங்களேய்யா!

திரும்பவும் அதே கதை சுத்திக்கிட்டு இருக்கு மக்களே. சட்டசபையில தேவதாசி முறை புனிதமானதுன்னு சத்தியமூர்த்தி பேசினாராம். அவ்வளவு புனிதம்னா இனிமே உங்க வீட்டுப் பொண்ணுங்க செய்யட்டுமேன்னு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திருப்பிக் கேட்டாராம். சபையே வாயடைச்சுப் போச்சாம். விசில், கைதட்டல், சுபம்.

எந்தத் தேதி, சபைக் குறிப்புல எந்தப் பக்கம்னு கேட்டுப் பாருங்க, பதில் வராது. வசனம் கூட இடத்துக்கு இடம் மாறுது. சத்தியமூர்த்தி எதிர்த்தது உண்மைதான், அவருக்கு வக்காலத்து வாங்க நான் வரலை. என் கோபம் வேற.

அந்தம்மா உள்ளபடியே என்ன செஞ்சாங்கன்னு இந்தக் கதையைப் பரப்புற எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினரா போய், 1927ல துணைத் தலைவராவும் தேர்வானவங்க. அதே வருஷம் பொட்டுக்கட்டுறதைத் தடுக்கச் சட்டம் வேணும்னு தீர்மானம் கொண்டு வந்தாங்க. ஆனா அவங்க முதல்ல கை வச்சது நிலத்துல! கோயில் ஊழியத்துக்குப் பதிலா இந்தப் பெண்களுக்கு மானிய நிலம் இருந்துச்சு. ஊழியத்தை விட்டா நிலமும் போயிடும். அப்புறம் எந்தக் குடும்பம் விடும்? 1929ல இந்து அறநிலையச் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்து நிறைவேத்தினாங்க. ஊழியம் செய்யாட்டாலும் நிலம் அவங்களுக்கேன்னு ஆச்சு. சோத்துக்கு வழி பண்ணிட்டு அப்புறம் தடை பேசின மூளை அது. இதுல விசிலடிக்க இடமில்லை, அதான் யாரும் சொல்றதில்லை.

அடுத்தது, சபையெல்லாம் ஒண்ணும் வாயடைச்சுப் போயிடலை. 1930ல காந்தி கைதானதைக் கண்டிச்சு அவங்க பதவியை ராஜினாமா பண்ணாங்க. பொட்டுக்கட்டு தடை மசோதா அப்படியே நின்னு போச்சு. சட்டம் வந்தது 1947ல, ஓமந்தூரார் காலத்துல. நடுவுல பதினேழு வருஷம்! ஒரே வசனத்துல ஜெயிச்ச மாதிரி கதை சொன்னா இந்தப் பதினேழு வருஷம் யார் கணக்குல சேரும்?

மூணாவதுதான் முக்கியம். இந்த முயற்சியை எதிர்த்தவங்கள்ல பெங்களூர் நாகரத்தினம்மா மாதிரி தேவதாசிப் பெண்களே இருந்தாங்க. எங்க தொழில், எங்க சொத்து, எங்க கலை என்னாகும்னு மனு கொடுத்தாங்க. முத்துலட்சுமியோட அம்மா சந்திரம்மாளும் அதே சமூகம். ஒரே சமூகத்துப் பெண்களுக்குள்ள நடந்த வலி நிறைஞ்ச வாதம் அது. அதைப் போய் ஒரு ஆம்பளைக்கு மூக்கறுபட்ட கதையா சுருக்கிட்டோம். நம்ம சாதிச் சண்டைக்குக் கம்பு வேணும், அந்தக் கம்புதான் முத்துலட்சுமி!

அந்தம்மா தன்னோட சட்டசபை அனுபவத்தை 1930லேயே ஆங்கிலத்துல புத்தகமா எழுதி வச்சிட்டாங்க. ஔவை இல்லம் இருக்கு, 1954ல அவங்க தொடங்கின அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. பேச எவ்வளவோ இருக்கு சாமி. பஞ்ச் டயலாக்தான் வேணும்னா ரஜினி படம் பாருங்க.

பின்னூட்டத்துல திட்ட வர்றவங்க தாராளமா வாங்க. வரும்போது அந்தத் தேதியையும் பக்க எண்ணையும் மறக்காம எடுத்துட்டு வாங்க.