மஞ்சள் குழாய் யாருக்கு?

குட்டீஸ்... கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா வீரர்களின் படங்களை உற்றுப் பாருங்கள். முதுகில் காற்று சிலிண்டர், வாயில் மூச்சுக் கருவி இருக்கும். மார்பில் இன்னொரு கருவியும், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். கூட வருபவருக்குக் காற்று தீர்ந்துவிட்டால் கொடுப்பதற்குத்தான் அது!

1943ல், பிரான்சில் கூஸ்தோவும், கான்யானும் உருவாக்கிய கருவியில் வாயில் வைப்பது ஒன்றுதான். ஆபத்து வந்தால், இருவர் அதையே மாற்றி மாற்றி வாயில் வைத்து மூச்சு விட வேண்டும். பயந்து போனவர் திருப்பித் தருவாரா, சொல்லுங்கள்!

இப்போது இரண்டு இருந்தும், சிலர் மஞ்சள் கருவியை மணலில் இழுபடும்படி தொங்க விடுகின்றனர். இது பெரிய தப்பு. மூச்சுத் திணறுபவர் அதைத் தேடிக் கொண்டிருக்க மாட்டார்; உங்கள் வாயில் இருப்பதைப் பிடுங்குவார். தாடைக்கும், விலாவுக்கும் நடுவே, இழுத்தால் உடனே கழன்று வரும்படி மாட்ட வேண்டும்.

இடுப்பில் கட்டும் ஈய எடைப் பட்டையும் அப்படித்தான். உங்கள் நண்பரால், ஒரே கையால் அதைக் கழற்ற முடிய வேண்டும்.

குதிக்கும் முன் நண்பர் உங்கள் கொக்கிகளைத் தொட்டுப் பார்த்தால், 'எனக்குத் தெரியாதா?' என்று கோபப்படாதீர்கள். எதை, எந்தப் பக்கம் இழுத்தால் கழலும் என்று அப்போதுதான் அவர் பார்த்து வைத்துக் கொள்கிறார்.